கண்ணாடிக் கடையும் ஒரு கடைவாய்ப் பல்லும்

எங்கள் கிளையை மூடப் போகிறார்கள் என்ற செய்தியை மனைவியிடம் சொல்வதில்லை என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தீர்மானித்துக்கொண்டே வந்தேன். சும்மா தீர்மானம் இல்லை. இரும்புத் தீர்மானம். குடும்பத் தலைவன் என்பவன் கஷ்டத்தை நெஞ்சில் பூட்டி வைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு புன்னகையை மாட்டிக்கொண்டு நடமாட வேண்டும். அந்தப் புன்னகையை லிஃப்ட் கண்ணாடியில் இரண்டு தடவை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் அழைப்பு மணியை அழுத்தினேன்.

கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டைப் பையைப் பார்த்தாள்.

"எத்தனை மாசம் டைம் குடுத்திருக்காங்க?"

"எதுக்கு?"

"கடைய மூடறதுக்கு."

"யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. மேலதிகாரி வர்றார்னு காலையில இஸ்திரி போட்ட சட்டையோட போனீங்க. இப்ப அதே சட்டைப் பையில நாலா மடிச்ச லெட்டர் இருக்கு. நல்ல லெட்டரை யாராவது நாலா மடிப்பாங்களா? கையில விரிச்சுப் பிடிச்சுட்டு வந்திருப்பீங்க. அதோட எதுக்கு இப்படிச் சிரிக்கறீங்க? எங்க கிளினிக்ல டாக்டர் 'ஈ' காட்டச் சொன்ன மாதிரி இருக்கு."

"மூணு மாசம்," என்றேன்.

ஷூவைக் கழற்றுவதற்குள் இரும்புத் தீர்மானம் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது.

கதைக்குள் போகுமுன் என் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செல்போன், கம்ப்யூட்டர், கேமரா, காதில் மாட்டுவது, கையில் கட்டுவது எல்லாம் விற்கும் ஒரு நிறுவனத்துக்குப் பதினான்கு கிளைகள். பதினான்காவது கிளைக்கு நான் மேலாளர். மற்ற பதிமூன்றும் கடைகள். என்னுடையது கட்டடம்.

தெரு முனையில் நாற்பதடி அகலம், இருபதடி உயரத்துக்கு ஒரே கண்ணாடி. சட்டம் இல்லை, கம்பி இல்லை. கண்ணாடியும் கண்ணாடியும் சேரும் இடத்தில் ஒரு நூலிழை மட்டும் தெரியும். உள்ளே வெள்ளைத் தரை. வெளிர் மரத்தில் நான்கு நீள மேசைகள். மேசை மேல் பொருள்கள், ஒன்றுக்கொன்று ஒரு கை நீளம் இடைவெளி விட்டு, மரியாதையாக உட்கார்ந்திருக்கும். கூரை முழுவதும் விளக்கு, ஆனால் ஒரு விளக்கும் கண்ணில் படாது. மேல்தளத்துக்கு ஒரு கண்ணாடிப் படிக்கட்டு. அதில் ஏறும்போது காற்றில் நடப்பது போல இருக்கும். இதை வரைந்த கட்டடக் கலைஞருக்குப் பெரிய பரிசு கிடைத்தது. வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் வந்தது. அந்தப் படத்தில் மேல்தளத்தில் ஒரு புள்ளி தெரியும். அது நான்.

காலையில் பத்து மணி வெயில் கண்ணாடி வழியாக இறங்கி, மேசை மேசையாகத் தாண்டி, படிக்கட்டில் ஏறும். அதைப் பார்ப்பதற்காகவே நான் மேல்தளத்தில் நிற்பேன். பார்த்துக்கொண்டே இருக்கலாம். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். வாடிக்கையாளர் யாரும் தொந்தரவு செய்யவில்லை.

எங்கள் மண்டல மேலாளரை நாங்கள் 'மண்டலம்' என்போம். அவர் அன்று காலை வந்து, மேசையைத் தடவி, படிக்கட்டில் ஏறி இறங்கி, கடிதத்தை நீட்டினார். "கட்டடத்துக்குப் பரிசு. விற்பனையில தரிசு," என்றார். மூன்று மாதத்தில் நிலைமை தேறாவிட்டால் கிளையை மூடிவிட்டு, என்னைச் சரக்குக் கிடங்குக்கு மாற்றிவிடுவார்களாம். கிடங்கு ஐந்து மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிறது. அதற்கு ஜன்னலே கிடையாது.

போனால் குடும்பத்தோடு போக வேண்டும். மகளுக்குப் பள்ளியில் கடைசி வருஷம். மனைவி பதினோரு வருஷமாகப் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறாள். அந்த டாக்டரே அவளைக் கேட்காமல் விடுமுறை எடுப்பதில்லை.

"சனிக்கிழமை எனக்கு அரை நாள்தான். உங்க கடைய வந்து பார்க்கறேன்," என்றாள்.

வந்தாள். ஆனால் உள்ளே வரவில்லை. எதிர்ச் சாரியில் மரத்தடியில் அரை மணி நேரம் நின்றாள். நான் மேல்தளத்திலிருந்து கையாட்டினேன். கவனிக்கவில்லை. பிறகு தெருவைக் கடந்து வந்து, கண்ணாடியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடவிக்கொண்டே நடந்தாள். எங்கள் கதவும் கண்ணாடிதான். சுவரும் கண்ணாடிதான். சரியான இடத்தில் நின்றால் தானாகத் திறக்கும். சரியான இடம் எது என்பதுதான் அந்த வடிவமைப்பின் நேர்த்தி.

எங்கள் காவலாளி ஓடிப்போய் நின்று கதவைத் திறக்க வைத்தார். அவருக்கு 'சல்யூட்' என்று பெயர். யார் வந்தாலும் விறைப்பாக ஒரு சல்யூட் அடிப்பார். பாதிப் பேர் பயந்து திரும்பிப் போய்விடுவார்கள்.

"எப்படி இருக்கு?" என்றேன் பெருமையாக.

"ரொம்ப அழகா இருக்கு. நிஜமாவே." அவள் கூரையையும் படிக்கட்டையும் நிதானமாகப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தாள். "அரை மணியில இருபத்தாறு பேர் வாசல்ல நின்னாங்க. பதினாலு பேர் போட்டோ எடுத்தாங்க. ஏழு பேர் கண்ணாடியில பார்த்துத் தலை வாரிக்கிட்டாங்க. நாலு பேர் கதவைத் தேடிட்டுப் போயிட்டாங்க. ஒருத்தர் உள்ள வந்தார்."

"பார்த்தியா, வந்தார் இல்ல?"

"அவர் மூக்குக் கண்ணாடி கேட்டு வந்தார். கண்ணாடிக் கடைன்னு நினைச்சிருக்கார்."

நான் கைக்குட்டையை எடுத்து மேசை விளிம்பைத் துடைத்தேன்.

"எங்க கிளினிக் வாசல்லயும் இதே முகத்தோடதான் நிப்பாங்க. உள்ள போனா வலிக்குமோன்னு ஒரு பயம். அவங்களை முதல்ல உட்கார வெச்சுடணும். உட்கார்ந்துட்டா ஓட மாட்டாங்க. இங்க உட்கார நாற்காலியே இல்லையே?"

"நாற்காலியா?" தரையில் கைநீட்டிக் காட்டினேன். "மேசையிலேருந்து படிக்கட்டு வரைக்கும் ஒரே கோடு போகுது பாரு. ஒரு நாற்காலி போட்டா அந்தக் கோடு செத்துடும்."

"கால் வலிக்கறவங்க?"

"கால் வலிக்காதவங்க வாங்கட்டும்."

"விலை எங்கயும் எழுதலையே?"

"திரையைத் தொட்டா வரும்."

"தொடலாம்னு யார் சொல்லுவாங்க?"

இந்த இடத்தில் நான் ஒரு தவறு செய்தேன். கொஞ்சம் சிரித்துவிட்டுச் சொன்னேன். "இதோ பாரு, நீ பல்லுப் பக்கம் இருக்கறவ. இது ரீட்டெயில். வேற சப்ஜெக்ட்."

அவள் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"சரிங்க," என்றாள்.

கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அந்தச் 'சரிங்க'வை ஆறு தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதற்குப் பிறகு வீட்டில் ஏதாவது ஒரு பொருள் இடம் மாறும். ஒரு தடவை வீடே மாறியது.

செவ்வாய்க்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு விஷயம். கடையில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்லு."

"இன்னிக்கு ஒருத்தர் கிளினிக்குக்கு வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லு. சொத்தை நரம்பு வரைக்கும் போயிடுச்சு. பேச்சுவாக்குல தெரிஞ்சது, உங்க தலைமை அலுவலகத்துலதான் வேலையாம்."

"எந்தப் பிரிவு?"

"வாய் மரத்துப் போக ஊசி போட்டிருந்தாங்க. 'ஆஹ்வு, ஆஹ்வு'ன்னார். ஆய்வுன்னு நினைக்கறேன்."

என் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"ரகசிய ஆய்வாளர்னு ஆள் அனுப்பறாங்களாம். சாதாரண வாடிக்கையாளர் மாதிரியே வருவாங்களாம். எல்லாத்தையும் பார்த்து மார்க் போடுவாங்களாம். கடைய மூடறதா வேண்டாமான்னு அந்த மார்க்கை வெச்சுத்தான் முடிவு பண்ணுவாங்களாம்."

"ஆள் எப்படி இருப்பார்?"

"ஒரே ஆள் வர மாட்டாங்களாம். ஒரு நாள் வயசானவர். ஒரு நாள் யாராவது பொம்பளை. சட்டை கசங்கியிருக்குமாம். ஒண்ணும் தெரியாத மாதிரி கேள்வி கேப்பாங்களாம். பாதி நேரம் வாங்காமலே போயிடுவாங்களாம்."

"நம்ம கடைக்கு வர்றவங்க எல்லாருமே அப்படித்தான் இருக்காங்க."

"அப்ப எல்லார்கிட்டயும் ஜாக்கிரதையா இருங்க."

அவள் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு 'ஆம்' ஆடிக்கொண்டிருந்தது. எனக்குத் தலை சுற்றியதில் வாலைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையிலேயே என் திட்டத்தைத் தொடங்கிவிட்டேன். ஆய்வாளரை அவர் அறியாமல் நான் அறிந்துகொள்வது. அறிந்துகொண்டு அரச மரியாதை செய்வது. சல்யூட்டைத் தனியாக அழைத்து, "சந்தேகப்படற மாதிரி ஆள் வந்தா இடது கையால சல்யூட் அடிங்க. நான் புரிஞ்சுக்குவேன்," என்றேன். என்ன சந்தேகம் என்று சொல்லவில்லை. அதனால் அவர் யாரையும் விட்டு வைக்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து எல்லோருக்கும் இடது கைதான்.

முதல் இடது கை சல்யூட் ஒரு பெரியவருக்கு. கசங்கிய சட்டை. கையில் பழைய போன். அவர் வாசலில் நின்ற விதத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அனுபவமுள்ள நடிகர். கண்ணாடிப் படியில் இரண்டிரண்டாக இறங்கி ஓடினேன்.

"வாங்க ஐயா, வாங்க. என்ன வேணும் சொல்லுங்க."

"வாங்கறதுக்கு வரலை தம்பி. இந்தப் போன்ல எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. கொஞ்சம் பெருசாக்கித் தர முடியுமா? வாங்கின கடையில முடியாதுன்னுட்டான்."

ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் நானும் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். மேல்தளத்திலிருந்தபடியே சொல்லியிருப்பேன். இப்போதோ அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டதைக் கவனித்தேன். பரீட்சை. ஓடிப்போய் என் சுழல் நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு கண்ணாடிப் படிக்கட்டில் இறங்கினேன். அதைக் கடை நடுவில் போட்டபோது, அந்தக் கோடு அறுந்த சத்தம் என் காதில் கேட்டது. பெரியவர் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். எறும்பை எலியாக்கினேன். போதாது என்றார். யானையாக்கினேன். தூரத்திலிருக்கும் பேத்தியோடு முகம் பார்த்துப் பேசுவது எப்படி என்று கேட்டார். அங்கேயே பேச வைத்தேன்.

"புண்ணியமாப் போகும் தம்பி," என்று போய்விட்டார். ஒன்றும் வாங்கவில்லை. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வாங்காமல் போவதுதானே அடையாளம்.

மறுநாள் அவரே தன் இரண்டு தம்பிமாரை அழைத்துக்கொண்டு வந்தார். "இவனுங்களுக்கும் எறும்புதான்," என்றார். அதற்கு அடுத்த நாள் அவர் மகள் வந்து இரண்டு போனும் ஒரு கம்ப்யூட்டரும் வாங்கினாள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகிவிட்டது. ஆய்வாளருக்கு இவ்வளவு பெரிய குடும்பம் இருக்காது.

அடுத்து ஒரு பிளம்பர் வந்தார். கையில் குழாய் முறுக்கும் சாவி. கால் முழுக்கச் சேறு. வெள்ளைத் தரையின் விளிம்பில் நின்றுகொண்டு எட்டி எட்டிப் பார்த்தார். நான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் தரையில் ஒரு மிதியடியைப் போட்டேன். அவர் வந்து நின்றதும் சொன்னார், "மூணு நாளா வர்றேன் சார். கதவு எதுன்னே தெரியல. குழாய்க்குள்ள ஓட்டை எங்கன்னு கண்டுபிடிக்கறவன் நான். என்னாலயே முடியல."

அன்று மாலை மனைவி சொன்னாள், "அந்தக் கடைவாய்ப் பல்லு ஆள் இன்னிக்கு ரெண்டாவது சிட்டிங் வந்தார்."

"என்னவாம்?"

"ஆய்வாளருங்க முக்கியமா வாசலைத்தான் பார்ப்பாங்களாம். கதவு கண்ணுக்குத் தெரியணுமாம்."

எனக்குச் சிலிர்த்தது. பிளம்பர்தான் ஆய்வாளர். சேறுகூட வேஷம்.

"அவருக்கு இன்னும் எத்தனை பல்லு பாக்கி?" என்றேன்.

"இந்தப் பக்கம் நாலு இருக்கு. அந்தப் பக்கம் டாக்டர் இன்னும் பார்க்கல."

அந்த முகம் தெரியாத மனிதரின் பற்கள் நன்றாகச் சொத்தையாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் பலித்தது. அடுத்த வாரம் மேல் வரிசை தொடங்கியது. விலையை எழுதி வைக்க வேண்டுமாம். ஒவ்வொரு பொருளுக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன அட்டை வைத்தேன். அதற்கடுத்த வாரம் ஞானப் பல். ஊழியர்கள் தாங்கள் பேசுவதைவிட வந்தவர்களைப் பேச விட வேண்டுமாம்.

இது எங்கள் மூத்த விற்பனையாளரைப் பற்றியது. அவரை நாங்கள் 'விவரம் அக்கா' என்போம். ஒரு கேமராவைப் பற்றி ஒருவர் ஒரு கேள்வி கேட்டால் பதினேழு விவரம் சொல்வார். பத்தாவது விவரத்தில் கேட்டவர் தெருவில் இருப்பார்.

"அக்கா, இனிமே நாமதான் முதல்ல கேள்வி கேக்கணும்," என்றேன்.

"என்ன கேள்வி?"

"எதுக்கு வேணும்னு கேளுங்க. அது போதும்."

மறுநாள் ஒரு பெண்ணிடம் விவரம் அக்கா கேட்டார். அந்தப் பெண் கேமரா எதற்கு என்று கால் மணி நேரம் சொன்னாள். அக்கா அவளுக்கு அவள் கேட்டதைவிட விலை குறைந்த ஒன்றை எடுத்துக் கொடுத்து, "உங்களுக்கு இது போதும்," என்றார். அந்தப் பெண் அந்த வாரத்தில் நான்கு தோழிகளை அனுப்பினாள். அக்கா என்னிடம் வந்து, "சார், இத்தனை வருஷம் நான் அநியாயத்துக்குப் பேசியிருக்கேன்," என்றார்.

ஆனால் கதவும் நாற்காலியும் என்னை உறுத்திக்கொண்டேயிருந்தன. கதவு தெரிவதற்காகக் கண்ணாடியில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தேன். நாற்காலிகள் ஆளுக்கொரு நிறத்தில் ஐந்து சேர்ந்துவிட்டன. பரிசு வாங்கிய முகத்தில் பிளாஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. வரைந்தவருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார் என்று வெட்கமாக இருந்தது. கடைசியில் துணிந்து அந்தக் கட்டடக் கலைஞருக்கே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.



"அப்ப பெஞ்ச் போடலையா?" என்றார்.

"எந்த பெஞ்ச்?"

"படிக்கட்டுக்குக் கீழ நீளமா ஒரு மர பெஞ்ச் வரைஞ்சிருந்தேனே. மேசையோட கோடு அதுல போய்த்தான் முடியணும். கதவுக்கு ஆள் உயரத்துக்கு ஒரு மரப் பிடியும் வரைஞ்சிருந்தேன். தூரத்துலேருந்தே தெரியும். உங்க ஆளுங்க செலவுன்னு அடிச்சிருப்பாங்க. கட்டி முடிச்சப்புறம் நான் வந்து பார்க்கல. பார்க்கத் தைரியம் வரல."

நான் இரண்டு வருஷமாக ரசித்துக்கொண்டிருந்தது முடிக்காத கட்டடத்தை. அந்தக் கோடு எங்கே போகிறது என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. அது பாட்டுக்கு எங்கேயோ போகிறது, போகட்டும், அழகாக இருக்கிறது என்று விட்டிருக்கிறேன்.

அவர் தன் வரைபடத்தை அனுப்பினார். ஒரு தச்சரை வைத்துப் பத்து நாளில் பெஞ்சும் பிடியும் செய்து, கதவு தானாகத் திறப்பதை நிறுத்தினோம். பெஞ்சைப் போட்ட அன்று காலை நான் மேல்தளத்தில் போய் நின்றேன். பத்து மணி வெயில் இறங்கியது. மேசை மேசையாகத் தாண்டியது. பெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அங்கே ஏற்கெனவே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மா மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெயில் அவர்கள் முழங்கால் மேல் விழுந்தது. முன்பு தெருவில் நின்றவர்கள் கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்த்துத் தலை வாரினார்கள். இப்போது உள்ளே இருப்பவர்களைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

இவ்வளவு அழகான கட்டடத்தை நான் அதுவரை பார்த்ததில்லை என்று அப்போது தோன்றியது.

மூன்று மாதம் முடிந்தது. தினமும் ஒன்பது பில் போட்ட இடத்தில் நாற்பது போட்டோம். பதினான்கு கிளைகளில் நாங்கள் மூன்றாவது. மண்டலம் வந்தார். பிடியை இழுத்துத் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார். பெஞ்சில் உட்கார இடம் இல்லாததால் நின்றுகொண்டே கணக்கைப் படித்தார்.

"கிளை இருக்கும். நீங்களும் இருப்பீங்க," என்று கை கொடுத்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரை மேல்தளத்தில் என் அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"சார், இப்ப சொல்லலாம் இல்ல? யார் அது? அந்தப் பிளம்பர்தானே?"

"எந்தப் பிளம்பர்?"

"ரகசிய ஆய்வாளர் சார். எனக்கு எல்லாம் தெரியும். உங்க அலுவலகத்துல ஆய்வுப் பிரிவுல ஒருத்தருக்குப் பல்லெல்லாம் சொத்தை இல்ல? அவர் மூலமாத்தான்."

மண்டலம் என்னை இரக்கமாகப் பார்த்தார். "ஆய்வுப் பிரிவே கிடையாதே. இருந்ததையும் ரெண்டு வருஷம் முன்னாடி செலவுன்னு மூடிட்டோம். உங்ககிட்ட யார் சொன்னா?"

"என் மனைவி."

"அவங்க எங்க வேலை பார்க்கறாங்க?"

சொன்னேன். நாற்காலி, கதவு, விலை அட்டை, விவரம் அக்கா, சிட்டிங் வாரியாக எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. பாதி வழியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நிறுத்த முடியவில்லை. மண்டலம் ஒரு பேனாவை எடுத்தார்.

"அவங்க நம்பர் குடுங்க," என்றார்.

அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது ஒரு காகிதத்தில் கூட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பல்வலிக்காரர் எப்படி இருக்கார்?" என்றேன்.

"எல்லாம் எடுத்தாச்சு. இனிமே வர மாட்டார்."

"ஒரு வாயில எத்தனை பல்லு?"

"முப்பத்திரெண்டு."

"நீ சொன்னதையெல்லாம் கூட்டினேன். முப்பத்தாறு வருது."

அவள் ஒரு சட்டையை மடித்து முடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"எப்ப கூட்டினீங்க?"

"இன்னிக்குத்தான்."

"நாலாவது வாரமே கூட்டுவீங்கன்னு பயந்துட்டே இருந்தேன்."

"நேரா சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேங்க. நாற்காலி போடுங்கன்னு சொன்னேன். விலை எழுதுங்கன்னு சொன்னேன். நீ பல்லுப் பக்கம் இருக்கறவன்னீங்க. சரி, பல்லு வழியாவே சொல்லுவோம்னு விட்டுட்டேன்."

அவள் அடுத்த துணியை எடுத்தாள்.

"பொய் சொன்னது எனக்கும் பிடிக்கல. மூணு மாசமும் சாப்பிட உட்கார்ந்தா உங்க முகத்தைப் பார்க்க முடியல. ஆனா நம்ம பொண்ணுக்குக் கடைசி வருஷம். என் வேலை இருக்கு. அதெல்லாம்கூட எங்கயாவது போய்ச் சமாளிச்சுக்கலாம். அந்த வெயில் படிக்கட்டுல ஏறறதைப் பத்தி நீங்க வீட்டுக்கு வந்து சொல்லாத நாளே கிடையாது. உங்களை ஜன்னல் இல்லாத கிடங்குல கொண்டுபோய் உட்கார வெச்சா என்ன ஆவீங்கன்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து மடித்தேன். அவள் அதை வாங்கிப் பிரித்து, சரியாக மடித்து வைத்தாள்.

இத்துடன் முடிந்திருந்தால் நான் ஓரளவு தலை நிமிர்ந்தே நடந்திருப்பேன். இரண்டு வாரம் கழித்து மண்டலம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தலைமை அலுவலகம் ஆய்வுப் பிரிவை மறுபடி தொடங்குகிறதாம். மாதம் இரண்டு சனிக்கிழமை மட்டும் வந்தால் போதும் என்று ஒருவரை நியமித்திருக்கிறார்களாம். கிளினிக் வேலையை விட மாட்டேன் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டிருக்கிறாராம். இப்போது வரிசையாக ஆடிய வால்களை நான் நன்றாகவே பார்த்தேன்.

"மத்த பதிமூணு கிளைக்குத்தான் அவங்க போவாங்க," என்றார் மண்டலம். "மாதிரிக்கு ஒண்ணு மட்டும் உங்க கிளையைப் பத்தி எழுதச் சொன்னோம். சம்பந்தப்பட்ட மேலாளர் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடணும். அது விதி."

அவர் நீட்டிய தாளில் எனக்குத் தெரிந்த கையெழுத்து. கட்டடம்: மிகவும் அழகு, பத்துக்குப் பத்து. வாசல்: பத்து. காவலாளி: ஒன்பது, சல்யூட்டைக் கொஞ்சம் மென்மையாக அடிக்கலாம். விற்பனையாளர்கள்: பத்து. கடைசி வரியில் மேலாளர் என்று போட்டு, மார்க் போட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் எழுதியிருந்தாள்: "இவரைப் பற்றித் தலைமை அலுவலகம் கவலைப்பட வேண்டியதில்லை. குறைகள் வீட்டிலேயே சரி செய்யப்பட்டு வருகின்றன."

படித்துப் பார்த்து ஒப்புக்கொள்கிறேன் என்று அச்சடித்திருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.